காதில் விழுந்தால்தான் பிரேக்: ட்ராக் இன்ஸ்ட்ரக்டருக்கு எந்த ஹெல்மெட் இன்டர்காம்?

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லித் தருபவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ரேஸ் ட்ராக்கில் சொந்தக் காரை வேகமாக ஓட்டிப் பழகும் 'ட்ராக் டே'யில் அது கிடையாது. அமெரிக்காவில் போர்ஷே கிளப், பிஎம்டபிள்யூ கார் கிளப் போன்றவை நடத்தும் நாள்களில் மாணவர் தன் சொந்தக் காரோடு வருவார். இன்ஸ்ட்ரக்டர் வலது இருக்கையில் பெல்ட் மாட்டி உட்காருவார், காலுக்கடியில் வெறும் மேட். மாணவர் கைமீறிப் போனால் அவரிடம் இருப்பது வாய் ஒன்றுதான். 2013 அக்டோபர் 15 அன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ரேஸ்வேயில் பயிற்சியாளராகப் பக்கத்து இருக்கையில் இருந்தபோது கார் மோதி இறந்த ஷான் எட்வர்ட்ஸ், அந்த ஆண்டு போர்ஷே சூப்பர்கப் பந்தயத் தொடரின் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர். எவ்வளவு பெரிய ஓட்டுநராக இருந்தாலும் அந்த இருக்கையில் கையில் ஸ்டீயரிங் இல்லை.

எனவே, ஹெல்மெட்டுக்குள் மைக்கும் ஸ்பீக்கரும் வைத்து இருவரும் பேசிக்கொள்ள உதவும் இன்டர்காமை இங்கே எடைபோடும் அளவுகோலே வேறு. பாட்டு எப்படிக் கேட்கிறது, எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று பைக் ஓட்டிகள் பார்ப்பார்கள். காருக்குள் இரண்டு ஹெல்மெட்டுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி, எட்டும் தூரம் யாருக்கு வேண்டும்? இங்கே கேள்வி ஒன்றுதான்: நீங்கள் சொன்னதை மாணவர் செய்யவில்லை என்றால், அவருக்குக் கேட்கவில்லையா, கேட்டும் கேளாதது போல இருக்கிறாரா? முதலாவது என்றால் மைக்கைச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது என்றால் அவரை ட்ராக்கிலிருந்து இறக்க வேண்டும். மோசமான இன்டர்காம் இந்த இரண்டையும் பிரித்தறிய விடாது. அதன் மிகப் பெரிய குறை அதுதான்.

வாங்கக் கிடைப்பது இரண்டு வகை. ஒன்று பழைய வயர் வகை: 9 வோல்ட் பேட்டரி போட்ட சிறு பெட்டி, இரண்டு ஸ்பீக்கர், இரண்டு மைக், சுருள் வயர். இன்னொன்று பைக்காரர்கள் வாங்கும் சேனா, கார்டோ மாதிரியான ப்ளூடூத் ஜோடி. வயரில் தாமதம் இல்லை, இரண்டு கருவிகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் 'பேரிங்' தொல்லை இல்லை. ப்ளூடூத்தில் நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தாமதம் வரும். இதைச் சோதிப்பது சுலபம். எஞ்சினை அணைத்து, இருவரும் ஹெல்மெட் மாட்டி, 'டா' என்று ஒரு எழுத்தை வெட்டிச் சொல்லுங்கள். நேரடிக் குரலும் ஸ்பீக்கர் குரலும் மாணவருக்கு இரண்டாகக் கேட்டால் தாமதம் அதிகம்.

ஆனால் தாமதத்தைவிட, சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டிவருவதுதான் பெரிய செலவு. நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் க்ளென் ட்ராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்க நீள்பாதையின் முடிவில் 'பஸ் ஸ்டாப்' என்ற வளைவுத் தொகுப்பு வரும். 1991-இல் நாஸ்கார் பந்தய ஓட்டுநர் ஜே.டி. மெக்டஃபி அதற்கு அடுத்த திருப்பத்தில் மோதி இறந்த பிறகு, வேகத்தைக் குறைப்பதற்காக 1992-இல் சேர்த்தது. நல்ல கார் அங்கே 200 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். அதாவது நொடிக்கு 55 மீட்டருக்கு மேல். 0.2 நொடி தாமதம் என்றால் 11 மீட்டர், சமாளித்துவிடலாம். "என்ன?" என்று மாணவர் கேட்டு, நீங்கள் மறுபடி சொல்ல ஒரு நொடி போனால் 55 மீட்டர். அந்த ட்ராக்கில் நீலநிறத் தடுப்பு ரெயில் ஓரத்திலேயே காத்திருக்கிறது.

திரும்பச் சொல்ல வைக்கும் முதல் குற்றவாளி, குரல் கேட்டால் மட்டும் மைக்கைத் திறக்கும் வசதி. பேட்டரி மிச்சமாகும் என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். மைக் திறப்பதற்குள் முதல் அசை போய்விடும். 'பிரேக்' என்று நீங்கள் சொன்னது மாணவருக்கு 'ஏக்' என்று விழும். செட்டிங்கில் இதை அணைத்து, லைன் எப்போதும் திறந்தே இருக்கும்படி வைக்க வேண்டும். அணைக்க முடியாத மாடல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டாவது, காற்று. முன் கண்ணாடிகளை இறக்கியே ஓட்ட வேண்டும் என்பது பெரும்பாலான கிளப்களின் விதி. முழுமுக ஹெல்மெட்டுக்கு, தாடைப் பகுதியின் உள்ளே ஒட்டும் பட்டன் மைக். திறந்த முக ஹெல்மெட்டுக்கு, வளையும் தண்டு மைக். இரண்டுக்கும் பஞ்சு உறை கட்டாயம். மைக்கின் எந்தப் பக்கம் வாய்க்கு என்று சிறு குறி இருக்கும், அதைத் திருப்பி ஒட்டினால் காற்றுதான் பேசும். ஸ்பீக்கர் காதுத் துளைக்கு நேராக உட்கார வேண்டும். ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே பாதிச் சத்தம் குறைந்தது போல இருக்கும். "நன்றாகக் கேட்கிறது" என்று பேடாக்கில் (ட்ராக்குக்கு வெளியே கார்கள் நிற்கும் இடம்) மாணவர் சொல்வதை நம்ப வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டு, ஏசி ஃபேனை முழு வேகத்தில் வைத்து, முகம் பார்க்காமல் மூன்று எண்களைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.

கார் ரேஸிங் ஹெல்மெட்டின் உள்துணி தடிமனாக இருப்பதால் பைக் இன்டர்காமின் கிளாம்ப் பல சமயம் உள்ளே நுழையாது. ஒட்டும் தகடு உள்ள மாடலாகப் பாருங்கள். ஹெல்மெட்டின் வெளி ஓட்டில் துளை போடவே கூடாது. வயர் வகை என்றால் வயரைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கி இருக்கைகளுக்கு நடுவே விடுங்கள். முன்னால் விட்டால் கியர் கம்பியில் சிக்கும். ஜாக்கை டேப் போட்டு இறுக்காதீர்கள். தீப்பிடித்து வெளியே தாவும்போது அது தானாகப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

"என்னிடமே ஒன்று இருக்கிறது" என்று சொல்லும் மாணவருக்கு நன்றி சொல்லிவிட்டு உங்கள் ஜோடியையே மாட்டுங்கள். அவருடையது அவர் போனோடு சேர்ந்திருக்கும். வளைவுக்கு நடுவில் மாமியார் அழைப்பார். வேறு வேறு கம்பெனிக் கருவிகளைச் சேர்க்கும் வித்தையை வரிசையில் நின்றுகொண்டு செய்ய நேரமும் இருக்காது. ஒரு ஓட்டம் 20 முதல் 30 நிமிடம், ஒரு நாளில் நான்கைந்து வரும். மதியச் சாப்பாட்டின்போது சார்ஜில் போட்டுவிடுங்கள்.

கருவி சரியானால் அடுத்தது சொற்கள். ஏறும் முன்பே நான்கை முடிவு செய்யுங்கள்: 'பிரேக்', 'விடு' (ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு), 'நேரே', 'பிட்' (ட்ராக்கை விட்டு உள்ளே வா). சார், ப்ளீஸ், 'ங்க' எல்லாம் கார் நின்ற பிறகு. தமிழர் இருவர் ஒரே காரில் உட்கார்ந்தால் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. 'பிரேக் போடாதே' என்பதில் மறுப்பு கடைசியில்தான் வருகிறது. பதற்றத்தில் இருப்பவர் முதல் சொல்லைக் கேட்டதுமே மிதித்துவிடுவார், வளைவின் நடுவில் அது காரைச் சுழற்றிவிடும். 'ரைட்' அதைவிட மோசம். நமக்கு அது 'சரி', பஸ் கண்டக்டருக்கு 'போகலாம்', ஸ்டீயரிங்குக்கு 'வலது'. க்ளென் பஸ் ஸ்டாப்பின் முதல் திருப்பமே வலதுதான். பாராட்டுவதாக நினைத்து அங்கே 'ரைட்' என்றால், அவர் முன்கூட்டியே திருப்பினாலும் குறை சொல்ல முடியாது.

நல்ல இன்டர்காமிலும் ஒரு கெடுதி இருக்கிறது: துல்லியமாகக் கேட்பதால் இன்ஸ்ட்ரக்டர் வாயை மூடுவதில்லை. வளைவுக்குள் ஒரு சொல், விளக்கமெல்லாம் நீள்பாதையில். மாணவர் தத்தளிக்கிறாரா என்று அறிய நீள்பாதையில் ஒரு கேள்வி போதும்: "கடைசியாகப் பார்த்த கொடிக் கம்பத்தில் என்ன கொடி?" பதிலே வராமல், ஸ்டீயரிங்கில் விரல் மூட்டுகள் வெளுத்திருந்தால் மூளை நிரம்பிவிட்டது என்று பொருள். இரண்டு சுற்று மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். கண்ணாடியைப் பார்க்காதது, பின்னால் வரும் காருக்குக் கைகாட்டி வழிவிடாதது பெரும்பாலும் இந்த நிலையில்தான் வரும், திமிரில் அல்ல. கார் சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலைச் சொல்லாமல் அணைப்பதும், 'பிரேக்' என்ற பிறகும் "இன்னும் தாமதமாகப் போடலாம்" என்று வாதாடுவதும் வேறு ரகம். முதல் தடவை 'பிட்'. காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றிப் பேசுங்கள். அடுத்த தடவையும் அதே என்றால் இறங்கித் தலைமை இன்ஸ்ட்ரக்டரிடம் போங்கள். எந்த நேரத்திலும் இறங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

கருவி பாதியில் செத்தால் கைச்சைகை. டாஷ்போர்டுக்கு மேல் மாணவர் கண்ணில் படும்படி விரித்த உள்ளங்கை என்றால் வேகத்தைக் குறை. பெருவிரலால் வெளியே காட்டினால் பிட். இதையும் ஏறும் முன்பே பேசி வைக்க வேண்டும். கருவி செத்ததும் அந்தச் சுற்றோடு உள்ளே வந்துவிட வேண்டும். ஸ்டீயரிங்கில் கைவைப்பது கடைசிப் புகல். அதுவும் திருப்புவதற்கு அல்ல. இரண்டு சக்கரம் புல்லில் இறங்கியதும் பதறி உள்பக்கம் இழுப்பார்கள். சக்கரம் மறுபடி தார் பிடித்ததும் கார் ட்ராக்கைக் குறுக்கே வெட்டி எதிர்ச் சுவரில் மோதும். அதைத் தடுக்க நேராகப் பிடித்துக்கொண்டு 'நேரே' என்பதுதான் வேலை. சுழல ஆரம்பித்துவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டும் அடிவரை. சாவியைத் திருப்பி அணைக்கும் யோசனையே வேண்டாம், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம்.

எதை வாங்கலாம்? ஒரே காரில் ஒரே மாணவரோடு நாள் முழுக்க என்றால் வயர் போதும், விலையும் குறைவு. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று மாறுபவருக்கு, லைனைத் திறந்தே வைக்க முடிகிற, ஒட்டும் தகடுள்ள ப்ளூடூத் ஜோடி. கூடவே பையில் நான்கு வெல்க்ரோ வட்டம், இரண்டு பஞ்சு உறை, ஒரு உபரி பட்டன் மைக். கடைசி ஓட்டம் முடிந்ததும் மாணவர் ஹெல்மெட்டிலிருந்து உங்கள் கருவியை நீங்களே கழற்றிக்கொள்ளுங்கள். மறந்தால் அது அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.