இ.எம்.ஜி. சென்சார்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

கிருஷ்ணகிரியில் எங்கள் பாலிடெக்னிக் ஆய்வகத்தில், மாணவர் திட்டப்பணிகளுக்காக வாங்கிய, தசை சுருங்கும்போது எழும் மின்னலையைப் பதியும் இ.எம்.ஜி. சென்சார் பலகையைச் சென்ற கல்வியாண்டிலிருந்து பயன்படுத்தி வருகிறோம். பலகையில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் பதிவு நன்றாக அமைவதும் அமையாததும் தோலையும் அதில் ஒட்டும் எலக்ட்ரோடையும் பொறுத்தே இருக்கிறது.

தோலின் மேல் கிடைக்கும் தசை மின்னழுத்தம் மைக்ரோவோல்ட் அளவிலிருந்து சில மில்லிவோல்ட் வரைதான். பலகையின் வெளியீட்டைப் படிக்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையில், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் 10 பிட் மாற்றியின் ஒரு படியே ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட் என்பதால், பெருக்கி இல்லாமல் அதைப் பார்க்கவே முடியாது. இரு எலக்ட்ரோடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைப் பெருக்கி, இரண்டிலும் ஒரே அளவில் வரும் மின்கம்பி இரைச்சலைப் பலகை கழித்துவிடுகிறது. ஒன்று சரியாக ஒட்டாமல் போனால் இரைச்சல் இரண்டிலும் சமமாக வராது. கழித்தல் பொய்த்து, மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் அலை திரையை அடைத்துக்கொள்ளும். தசையின் அலை பெரும்பாலும் 20 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதால், அந்த 50 ஹெர்ட்ஸை வடிகட்டினால் தசையின் அலையிலும் ஒரு பகுதி போய்விடுகிறது.

ஆகவே முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகே ஒட்டுகிறோம். இரண்டு எலக்ட்ரோடுகள் தசை இழைகள் ஓடும் திசையில் 2 செ.மீ. இடைவெளியில், மூன்றாவது முழங்கை எலும்பின் மேல். சித்திரை வெயிலில் வியர்வை ஊறி ஓரங்கள் எழும்பிவிடுவதால், அப்போது மட்டும் மேலே பிளாஸ்திரி போடுகிறோம். உறை பிரித்த எலக்ட்ரோடுகளை ஜிப் கவரில் வைக்காவிட்டால் ஜெல் காய்ந்துபோகிறது. பலகையை ஒரு முறை வாங்கினால் போதும்; செலவு வைப்பது இவைதான்.

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் திரையில் தடித்திருந்த பட்டை மெல்லிய கோடாகிவிடுகிறது. உடலோடு கம்பி இணைந்திருக்கும்போது பாதுகாப்புக்கும் அதுவே முறை.

பலகையில் என்வலப் வெளியீடு, அதாவது அலையின் உயரத்தை மட்டும் காட்டும் வழுவழுப்பான கோடு, மட்டும் இருந்தால் சர்வோ மோட்டாரைத் திருப்பலாம். தசைச் சோர்வை ஆராய முடியாது. தண்ணீர் வாளியைத் தூக்கியபடியே நின்றால், நேரம் ஆக ஆக அலையின் உயரம் கூடி, அதிர்வெண் கீழே இறங்குவதை அப்படி மாற்றப்படாத மூல அலையில்தான் காண முடியும். அதற்கு நொடிக்கு 1000 மாதிரிகளாவது தேவை.

மாம்பழப் பருவத்தில் மண்டியில் பழப்பெட்டி தூக்கும் மாணவனுக்கும் மற்றவனுக்கும் யாருடைய அலை பெரிது என்ற போட்டி ஆய்வகத்தில் அடிக்கடி எழுகிறது. தோலடிக் கொழுப்பின் தடிமனே அலையைக் குறைத்துவிடும் என்பதால், ஒவ்வொருவரின் அளவையும் அவரவர் முழு வலிமையோடு தசையை இறுக்கியபோது எடுத்த பதிவால் வகுத்த பிறகே ஒப்பிட அனுமதிக்கிறேன்.