லிஸ்பனில் மீன் சாப்பிடப் போகிறீர்களா? முதலில் எடையைக் கேளுங்கள்

லிஸ்பனுக்கு இரண்டு மூன்று நாள் ஓய்வாகப் போய்வரலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரைக் குறை சொல்லவே முடியாது. தேஜோ நதிக்கரையில் ரிபெய்ரா தாஸ் நாவுஸ் படிகளில் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. ஆனால் இப்படி அவசரமில்லாமல் நடக்கிறவர்களைப் பார்த்துத்தான் பைஷா பகுதியின் சில உணவகங்கள் வாசலில் ஆள் நிறுத்தி வைத்திருக்கின்றன.

1755 நிலநடுக்கத்தில் தரைமட்டமாகி, பிறகு நேர்நேர்த் தெருக்களாகத் திரும்பக் கட்டப்பட்ட பகுதி பைஷா. அங்கே காதோரம் வந்து கஞ்சா வேண்டுமா என்று கிசுகிசுப்பவர்கள் பெரும்பாலும் விற்பது கட்டியாக அழுத்திய பிரிஞ்சி இலை என்பது ஊரறிந்த கதை. அவர்களால் பெரிய நஷ்டமில்லை. மெனு அட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்பவர்களிடம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

நானும் அக்காவும் அப்படி ஒரு கடையில் உட்கார்ந்தோம். கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ், இறால் பேஸ்ட் எல்லாம் மேசைக்கு வந்தன. இதற்கு அங்கே 'குவேர்ட்' என்று பெயர். ஊர் வழக்கம்தான், இலவசமில்லை. நாங்கள் சீஸைத் தொடவே இல்லை. அப்புறம் சர்வர் ஒரு தட்டில் ரோபாலோ மீனைக் கொண்டுவந்து, "இன்று காலை வந்தது, இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும்" என்றார். விலை கேட்டதற்கு, "மெனுவில் உள்ள விலைதான்" என்றார். மெனுவில் 62 யூரோ என்று இருந்தது. அது கிலோவுக்கு என்பது பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில்.

பில்லில் மீன் 1.65 கிலோ, 102.30 யூரோ. அக்கா காசிமேட்டில் பேரம் பேசி மீன் வாங்கிப் பழகியவர். "ஒரு கிலோ தாண்டாது, எலும்பை வைத்தே சொல்வேன்" என்றார். எடை போட்ட சீட்டைக் காட்டச் சொன்னோம், இல்லையாம். தொடாத சீஸுக்கு 8.50. கடைசியில் டிப்ஸ் 10 சதவீதம், அவர்களே சேர்த்தது. மொத்தம் 151.58. இத்தனைக்கும் கையில் தந்தது 'கொன்சுல்தா தெ மேசா' என்ற துண்டுச்சீட்டு, முறையான பில்லே இல்லை. முறையான பில்லுக்கு 'ஃபாத்துரா' என்று கேட்க வேண்டும்.

சத்தம் போட்டுப் பயனில்லை. 'லிவ்ரோ தெ ரெக்லமசோயிஸ்' என்று கேளுங்கள். புகார்ப் புத்தகம். போர்ச்சுகலில் ஒவ்வொரு உணவகமும் இதை வைத்திருக்க வேண்டும், கேட்டவுடன் தர வேண்டும். மறுத்தால் போலீஸைக் கூப்பிடலாம். எழுதும் புகாரில் ஒரு பிரதி நமக்கு. அசலை 15 வேலை நாட்களுக்குள் கண்காணிப்பு அமைப்புக்குக் கடையே அனுப்பியாக வேண்டும். இணையத்திலும் இதே புத்தகம் உண்டு. கேட்காமலும் தொடாமலும் இருந்த உணவுக்குப் பணம் வாங்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. டிப்ஸ் கட்டாயமே இல்லை.

புத்தகத்தைக் கேட்டதும் மேலாளரின் சிரிப்பு போய்விட்டது. சீஸும் டிப்ஸும் பில்லிலிருந்து மாயமாகின. மீனில் மட்டும் ஒரு சென்ட் குறைக்கவில்லை. 129.30 கட்டினோம், புகாரும் எழுதினோம். பணம் கட்டும்போது கார்டு மெஷின் ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டது. யூரோவையே அழுத்துங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் இன்னொரு வெட்டு விழும்.

மறுநாள் கய்ஸ் தோ சொத்ரேயில் படகு ஏறி எதிர்க்கரை கசீல்யாஸ் போனோம். பத்து நிமிடப் பயணம்தான். அங்கே ஒரு சின்னக் கடையில் எடை கேட்டதும், கடைக்காரர் முகம் சுளிக்காமல் மீனைத் தராசில் வைத்துக் காட்டி, விலையைத் தாளில் எழுதித் தந்தார். பைஷாவிலும் இதைக் கேட்டு வாங்குங்கள். மீன் அடுப்புக்குப் போகும் முன், எடையும் மொத்த விலையும் எழுத்தில் வேண்டும். தயங்கினால் எழுந்துவிடுங்கள், ஆலிவைத் தின்றிருந்தால் அதற்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு.

புகாருக்குப் பதில் இன்னும் வரவில்லை.