ஆள் கம்மியான பெண்கள் அணிக்கு ஃபிஃபா 11+ எப்படி?

தமிழ்நாடு-கேரள எல்லையில் களியக்காவிளை பக்கத்தில் பெண்கள் கால்பந்து அணி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், புது ஜெர்சிக்குக் காசு திரட்டும் முன்னே, காயத்தைக் குறைக்கும் ஃபிஃபா 11+ வார்ம்-அப்பைத் தொடங்கிவிடுங்கள். கையேடு இலவசம். பந்தும் ஆறு ஜோடி கோனும் போதும், கோன் இல்லாவிட்டால் சிரட்டை வைத்தாலும் வேலை நடக்கும்.

எங்கள் அணியில் பாறசாலைப் பிள்ளைகளும் உண்டு, தூத்தூர் கடற்கரைப் பிள்ளைகளும் உண்டு. இரண்டு மாநிலப் பள்ளிகளுக்கும் பரீட்சை ஒரே வாரத்தில் வராது, ஓணத்துக்குப் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள், கோயில் திருவிழாவுக்கு மீதிப் பேர், அப்புறம் இடவப்பாதி மழை ஓய்ந்தால் ஐப்பசி மழை. பட்டியலில் பதினாறு பேர் இருந்தாலும் சனிக்கிழமை பதினொன்று தேற்றுவது பெரும்பாடு. அதில் இரண்டு பேருக்கு முட்டு வீங்கினால் டோர்னமெண்ட் போச்சு. ஏழு பேர் இருந்தால் ஆட்டம் தொடங்கலாம் என்று விதி சொல்கிறது, சரி, ஆனால் அந்த ஏழு பேரையே முழு ஆட்டமும் ஓடவிட்டால் அடுத்த வாரம் அவர்களும் இருக்க மாட்டார்கள். ஆள் இல்லாத கொடுமை தேசிய அணிக்கே வந்தது. 2022 ஜனவரியில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பையில், கோவிட் தொற்றால் 13 பேரைக் காட்ட முடியாமல் நவி மும்பையில் சீன தைபேயுடன் (தைவான்) இருந்த ஆட்டம் நடக்கவில்லை, இந்தியா போட்டியை விட்டே வெளியேற வேண்டி வந்தது.

11+ மொத்தம் 20 நிமிடம், 15 பயிற்சி. முதல் 8 நிமிடம் மெதுவான ஓட்டம், நடுவில் 10 நிமிடம் வலு, சமநிலை, குதிப்பு, கடைசி 2 நிமிடம் வேக ஓட்டமும் திரும்பலும். விஷயமே அந்த நடுப்பகுதிதான். குதித்து இறங்கும்போது முட்டு உள்பக்கம் மடங்கக் கூடாது, இதை ஒவ்வொரு பிள்ளையிடமும் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்த வேண்டும், தூரத்தில் நின்று விசில் ஊதினால் பிரயோஜனம் இல்லை. ஏசிஎல் என்னும் முட்டின் உள்தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம், கிழிந்தால் குறைந்தது ஒன்பது மாதம் களம் கிடையாது. இங்கிலாந்தின் லியா வில்லியம்சனும் பெத் மீடும் 2023 உலகக் கோப்பையைத் தவறவிட்டது இதனால்தான். அவர்களுக்குப் பின்னால் பெரிய மருத்துவக் குழுவே இருந்தது, நமக்கு யார் இருக்கிறார்கள்?

வெறும் பேச்சில்லை இது. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1,892 பேரை வைத்துச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். 11+ செய்த அணிகளில் மொத்தக் காயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, கடுமையான காயம் கிட்டத்தட்ட பாதியானது. விடாமல் செய்தவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். வாரத்துக்கு இரண்டு தடவையாவது வேண்டும்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை குறைவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மணி நேரம்தான் வெளிச்சம் என்றால் அதில் இருபது நிமிடம் போவது வலிக்கும். கடற்கரை மணலில் ஒற்றைக் கால் சமநிலைப் பயிற்சி சரிப்படாது, கெட்டித் தரை பாருங்கள். நார்டிக் என்று ஒன்று, முட்டுக்கால் போட்டு நின்று, பின்னால் ஒருத்தி கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, உடம்பை மடக்காமல் மெல்ல முன்னால் சாய வேண்டும். முதல் வாரங்களில் தொடையின் பின்பக்கம் பயங்கரமாக வலிக்கும், பிள்ளைகள் முனகுவார்கள். மூன்று முதல் ஐந்து தடவையோடு நிறுத்துங்கள், ஆட்டத்துக்கு முந்தின நாள் வேண்டவே வேண்டாம்.

மோதலில் வரும் அடியை இது தடுக்காது. முட்டில் சடக் என்று சத்தம் கேட்டு அன்றைக்கே வீங்கினால், வர்ம ஆசானிடம் தடவக் கூட்டிப் போகும் வீட்டுக்காரர்களிடம் முதலில் எலும்பு டாக்டர், ஸ்கேன், அப்புறம் மற்றது என்று உறுதியாகச் சொல்லுங்கள். ஆசான்மார் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் கிழிந்த தசைநாரைத் தடவிச் சேர்க்க முடியாது.

பதினாலு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு 11+ கிட்ஸ் தனியாக இருக்கிறது, அதை எடுங்கள். ஆட்ட நாளில் நடுப்பகுதியை விட்டுவிட்டு முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் மட்டும் செய்தால் போதும்.