எங்க ஏரியா கோழிக்கடை: கறி நல்லாருக்கு, கட்டைதான் பயமுறுத்துது

ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா இந்தக் கடைதான், பேர் போட வேணாம்னு விடுறேன். கண்ணு முன்னாடியே அறுத்து ஸ்கின் எடுத்துத் தருவாங்க, எடை கரெக்டா இருக்கும், கறியும் நல்லா சாஃப்ட்டா இருக்கும்.

போன வாரம் கூட்டம், அரை மணி நேரம் நின்னேன், அப்பதான் ஒழுங்கா பாத்தேன். வெட்டுற கட்டை நடுவுல குழி விழுந்து வெடிச்சுக் கெடக்கு, வெடிப்புல பழைய ரத்தம் கருப்பா ஒட்டியிருக்கு, குடல் உருவுன அதே கட்டைல அதே கத்தியால கறியும் போடுறாங்க, ஒரே ஈரத்துணியால கட்டையத் தொடச்சு, கையையும் தொடச்சு, அந்தக் கையாலயே சில்லறை வேற.

"இப்பதான அறுத்தோம்ணே, ஒண்ணும் ஆகாது"ன்னு தம்பி சொல்றாரு. அங்கதான் தப்பு. சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர்னு வயித்துப்போக்கு வர வைக்கிற ரெண்டு கிருமியும் நல்லா இருக்குற கோழியோட குடல்லயே இருக்கும், குடல் கிழிஞ்சா கறில பட்டுரும், மோந்து பாத்தாலும் தெரியாது. தம்பி, குடலுக்குத் தனி கட்டை வைங்க, அப்பப்ப சோப்பு போட்டுத் தேச்சு சுடுதண்ணி ஊத்துங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பாத்தா கவர் ஒழுகி, கூடைல இருந்த கொத்தமல்லிக் கட்டு மேல ரத்தத்தண்ணி. கறியாச்சும் வேகும், கொத்தமல்லிய பச்சையாதான தூவுறோம்? அப்படியே குப்பைல போட்டேன். கறி வாங்கப் போறவங்க தனிப் பை இல்லன்னா தூக்கு கொண்டு போங்க. வெயில் 32 டிகிரிக்கு மேல இருந்தா பச்சைக்கறிய ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்காதீங்க.

மஞ்சத்தூள் போட்டு அலசுனா கிருமி போயிரும்னு எங்க வீட்லயும் நம்பிட்டு இருந்தோம், போகாது. குழாய தொறந்துவிட்டு அலசுனா சிங்க் சுத்தி தெறிச்சு, பக்கத்துல கவுத்த தட்டு வரைக்கும் போகும். கழுவாம மனசு கேக்கலன்னா பாத்திரத்துல தண்ணி வச்சு மெதுவா அலசிட்டு, சிங்க்கையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்க. ஃப்ரீசர்ல வச்சாலும் கிருமி முழுசா சாகாது, பெருகாம இருக்கும் அவ்ளோதான். கறியோட நடுவுல 74 டிகிரி ஏறணும். குழம்புல நல்லா கொதிச்சிரும், பிரச்சனை சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ், கிரில்லுலதான், வெளிய செவந்துரும் உள்ள வெந்திருக்காது, குழந்தைங்களுக்குக் குடுக்கறப்போ பெரிய பீஸப் பிச்சுப் பாத்துக் குடுங்க.

கறிக்கு 4 ஸ்டார், சுத்தத்துக்கு 1. வர்ற ஞாயிறு கட்டை மாறியிருந்தா வந்து மாத்திப் போடுறேன்.