டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு இணையம் போனதா? தொலைநிலை உதவிக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கணினியைத் தொலைவிலிருந்தே பழுதுபார்த்துத் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு சேவையிடம் 4,800 ரூபாயைப் பறிகொடுத்த ஆத்திரம் இன்னும் அடங்காத நிலையில் இதை எழுதுகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே பாணியில் பலர் இயங்குவதால், அவர்கள் ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

விண்டோஸ் அப்டேட் முடிந்து மடிக்கணினி மீண்டும் இயங்கத் தொடங்கியபோது, அதில் வைஃபை என்ற ஒன்றே இல்லாமல் போயிருந்தது. அதே வைஃபையில் கைப்பேசி எந்தக் குறையுமின்றி இயங்கியது. அவசரமாக முடிக்கவேண்டிய வேலை இருந்ததால், கைப்பேசியில் தேடி அந்தச் சேவையின் எண்ணை அழைத்தேன்.

பேசியவர் மிகுந்த மரியாதையுடன் பேசினார். கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் மடிக்கணினியுடன் இணைத்து, கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங்கை இயக்கச் சொன்னார். இணையம் உடனே வந்துவிட்டது. அதன் வழியாகத் தொலைநிலை மென்பொருள் ஒன்றை நிறுவச் செய்து உள்ளே வந்தவர், கணினியின் உட்கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரை நேராகத் திறந்து, வைஃபை அடாப்டரின் மேல் சிறியதாக ஒரு மஞ்சள் முக்கோணம் இருப்பதைக் காட்டினார். அதை இருமுறை சொடுக்கியதும், சாதனத்தைத் தொடங்க இயலவில்லை என்ற செய்தி ‘கோட் 10’ என்ற குறியுடன் வந்தது. “புதிதாக வந்த டிரைவர்தான் சார் பிரச்சினை” என்றார். டிரைவர் என்பது ஒரு கருவியை விண்டோஸோடு சேர்ந்து இயங்கவைக்கும் மென்பொருள். எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை ஏற்பட்டது அந்த இடத்தில்தான், ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. உண்மையை முதலில் சொல்லிவிட்டுத்தான் பொய்யைத் தொடங்கினார்.

அதே பெட்டியில் ‘டிரைவர்’ என்ற தாவலுக்குள் ‘ரோல் பேக் டிரைவர்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அப்டேட்டுக்கு முன்பிருந்த டிரைவர் திரும்பிவிடும். அவருடைய சுட்டி அந்தத் தாவலின் பக்கமே போகவில்லை. பெட்டியை மூடிவிட்டு, கணினியில் நடப்பவற்றை விண்டோஸ் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அதில் சிவப்பும் மஞ்சளுமாக நின்ற பதிவுகளை மேலும் கீழும் உருட்டிக் காட்டி, உள்ளே தொற்று பரவியிருப்பதாகவும், இணைய அமைப்பே சிதைந்துவிட்டதாகவும், டிரைவரை மட்டும் மாற்றினால் மறுபடியும் போய்விடும் என்றும் சொன்னார். எந்தக் கோளாறும் இல்லாத விண்டோஸ் கணினியிலும் அந்தப் பட்டியலில் பிழைகளும் எச்சரிக்கைகளும் இருக்கத்தான் செய்யும். இதற்குத் தீர்வாக அவர் முன்வைத்தது ‘நெட்வொர்க் பாதுகாப்பு’ என்னும் ஓராண்டுத் திட்டம். கட்டணம் 4,800 ரூபாய். கட்டினேன்.

இதில் என்னை இன்னும் கொதிக்கவைப்பது ஒன்று உண்டு. இணைய அமைப்பு சிதைந்துவிட்டதாக அவர் சொன்ன அதே கணினிக்குள், கைப்பேசி வழியாக வந்த இணையத்தில்தான் அவர் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்! கைப்பேசி இணைப்புக்கு வேறொரு டிரைவர் பயன்படுகிறது. அது தடையின்றி இயங்கியது என்றால், விண்டோஸின் இணைய அமைப்பு நன்றாகவே இருக்கிறது, கோளாறு வைஃபை அடாப்டரோடு நின்றுவிட்டது என்றுதான் பொருள். தொழில் தெரிந்த அவருக்கு இது தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

பணம் போய்ச் சேர்ந்ததும், டிரைவர்களைத் தானாகப் புதுப்பிக்கும் ஒரு மென்பொருளை நிறுவினார். அது வேறொரு டிரைவரைப் போட்டது. வைஃபை சற்று நேரம் எட்டிப்பார்த்துவிட்டு, கணினியை மறுபடி தொடங்கியதும் காணாமல் போனது. மீண்டும் அழைத்தபோது ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். அடுத்து எடுத்தவர் இணைய இணைப்பு தரும் நிறுவனத்தைக் கேட்கச் சொன்னார். கைப்பேசியில் அதே வைஃபை ஓடுகிறதே என்றதற்கு, அப்படியானால் கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டையே பழுதாகியிருக்கும், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, திட்டம் செயல்பாட்டுக்கு வந்துவிட்டதால் 4,800 ரூபாயையும் திருப்பித்தர இயலாது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. பின்னாலேயே ‘தங்கள் கோரிக்கை வெற்றிகரமாக முடித்துவைக்கப்பட்டது’ என்று இன்னொன்று. என்ன வெற்றியோ!

கடைசியில் நானே சரிசெய்தேன். ரோல் பேக் பொத்தான் ஒரு படிதான் பின்னால் போகும். இவர்கள் இரண்டாவதாக ஒன்றை ஏற்றி வைத்திருந்ததால், அதை அழுத்தியபோது கோளாறான டிரைவரே திரும்பி வந்தது. அதாவது, பணத்தையும் வாங்கிக்கொண்டு, எளிதாக முடியவேண்டிய வேலையைச் சிக்கலாக்கியும் வைத்திருந்தார்கள். ‘அப்டேட் டிரைவர்’ என்பதற்குள் போய், கணினியிலேயே உள்ள டிரைவர்களின் பட்டியலைத் திறந்து, பழைய தேதியிட்டதைத் தேர்ந்தெடுத்ததும் மஞ்சள் முக்கோணம் மறைந்து வைஃபை வந்துவிட்டது.

ஆகவே, டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு இணையம் போனால் முதலில் ரோல் பேக் செய்து பாருங்கள். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால், கைப்பேசி டெதரிங்கில் இணைந்து, கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். ஈவென்ட் வியூவரைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் அழைப்பைத் துண்டியுங்கள். ஏற்கெனவே உள்ளே விட்டிருந்தால், அந்தத் தொலைநிலை மென்பொருளை உடனே நீக்கிவிட்டு, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். என் கணினியில் அவர்கள் அதை நீக்காமலேயே போயிருந்தார்கள். 4,800 ரூபாயை மீட்டுத்தரக் கோரி வங்கிக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.