பயோஃபினிட்டி லென்ஸ்: எட்டு மாசம் போட்டுப் பார்த்தாச்சு

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல புடவைக் கடை வேலை எனக்கு. பவர் மைனஸ் அஞ்சரை. குனிஞ்சு புடவை விரிச்சா கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துடும். அதனால பத்து வருஷமா லென்ஸ்தான், காலையில 9 மணிக்குப் போட்டா ராத்திரி 10 ஆகும் கழட்ட.

முன்ன போட்டது பழைய ரக ஹைட்ரோஜெல், அதாவது தண்ணி ஊறி மெத்துன்னு இருக்கிற பிளாஸ்டிக் லென்ஸ். "பாதிக்கு மேல தண்ணிம்மா, அவ்ளோ சாஃப்ட்"னு சொல்லித்தான் வித்தாங்க. நானும் பார்டர் பளபளப்பைக் காட்டி விக்கிறவதானே, நம்பிட்டேன். போன ஆடித் தள்ளுபடி சமயம், கடை மூடி வள்ளலார் நகர் ஸ்டாப்புல நின்னா, வர்ற பஸ் லைட்டைச் சுத்திக் கலர் வளையம். டாக்டரம்மா மெஷின்ல பார்த்துட்டு, கருவிழி, அதான் கண்ணு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கிற படலம், வீங்கியிருக்கு, ஓரத்துல ரத்தக்குழாய் உள்ள கிளைவிட ஆரம்பிச்சிருக்குன்னாங்க. கருவிழிக்குன்னு ரத்தக்குழாயே கிடையாதாம். வெளிக்காத்துல இருந்துதான் அதுக்கு ஆக்சிஜன். அதை லென்ஸ் மறிச்சா பக்கத்துக் குழாய் உள்ள நுழையுது. மைனஸ் லென்ஸ் ஓரத்துலதான் தடிப்பு, அதனால அங்கதான் மூச்சு முட்டல்.

எனக்கு இதெல்லாம் துணிக்கணக்குலதான் புரியும். அந்தக் காலத்து ஹார்ட் லென்ஸ், புடவையைச் சுத்தி வர்ற பிளாஸ்டிக் கவர் மாதிரி, காத்தே போகாது. ஹைட்ரோஜெல் ஈரத்துணி. அதுல ஊறின தண்ணி வழியாத்தான் ஆக்சிஜன் போகணும், தண்ணியால கொண்டுபோக முடியுறதே கொஞ்சம். பயோஃபினிட்டி சிலிகான் ஹைட்ரோஜெல். சிலிகானே ஆக்சிஜனை விட்டுடும். தண்ணி 48 சதவீதம்தான், ஆனா லென்ஸ் எவ்ளோ ஆக்சிஜனை உள்ள விடுதுங்கிற கணக்கு 160. பழசுக்கு இருபத்துச் சொச்சம். அந்த 160-உம் மைனஸ் மூணு லென்ஸோட நடுவுல அளந்ததுதான், என் பவருக்கு ஓரத்துல குறையும். ஆனாலும் பழசு கிட்டயே வர முடியாது.

பயோஃபினிட்டிக்கு மாறின ரெண்டே வாரத்துல வளையம் போச்சு. சாயங்காலச் சிவப்பும் இல்ல. உள்ள போன குழாய்ல இப்ப ரத்தம் ஓடலையாம், தடம் மட்டும் நூல் மாதிரி நிக்குது.

குறை? எண்ணெய்ப் பசை இதுல சீக்கிரம் ஒட்டுது. மை வெச்சுக்கிட்டுப் போட்டா மத்தியானமே மங்கல். உள்ளங்கையில வெச்சு சொல்யூஷன் விட்டுத் தேய்ச்சே ஆகணும், குழாய்த் தண்ணி ஆகவே ஆகாது. ஆறு ராத்திரி வரைக்கும் போட்டுட்டே தூங்கலாம்னு கம்பெனி சொல்லுது. டாக்டரம்மா கூடாதுன்னுட்டாங்க: ஆக்சிஜன் போனாலும் கிருமி பயம் குறையாதாம்.

விலை பழசைவிட ஒண்ணரை மடங்கு. தீபாவளி போனஸ்ல ஆறு மாசத்துக்குச் சேர்த்து வாங்கி வெச்சிட்டேன்.