புதுத் துவக்கா, அப்பாவின் துவக்கா?

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் வயல் செய்கிறவர் காட்டுப்பன்றிக்காகத் துவக்கு (துப்பாக்கி) வைத்திருக்க நினைத்தால் இரண்டு வழி: கடையில் புதிதாக வாங்குவது, இல்லையென்றால் வீட்டில் இருந்ததைத் தன் பெயருக்கு மாற்றுவது. எதுவானாலும் முதலில் அனுமதிப்பத்திரம்.

புதிதென்றால் காசு போவது கடைக்குத்தான். இறக்குமதித் தீர்வை, வியாபாரியின் இலாபம், 18 சதவீத வற் (VAT) வரி எல்லாம் விலைக்குள்ளேயே இருக்கும். பில்லைப் பிரித்துக் கேளுங்கள். தோட்டா வேறு கணக்கு.

பெயர் மாற்றத்தில் வியாபாரிக்குச் சதமும் இல்லை, அலைச்சல்தான். அப்பா காலமானால் துவக்கு தானாக மகனுக்கு வராது, பத்திரம் ஆளுக்குரியது. மரணச் சான்றிதழையும் கூடப்பிறந்தவர்களின் சம்மதக் கடிதத்தையும் தூக்கிக்கொண்டு கிராம சேவகர், பொலிஸ், கச்சேரி (மாவட்டச் செயலகம்) என்று ஏறி இறங்க வேண்டும். பஸ் காசும் கெட்டுப்போகும் வேலைநாளும் எந்தப் பற்றுச்சீட்டிலும் வராது. பத்திரம் கைக்கு வரும்வரை துவக்கு பொலிஸில் இருப்பதே பாதுகாப்பு. வீட்டில் வைத்திருந்தால் வழக்கு.

வருடாந்தப் புதுப்பிப்பு இரண்டுக்கும் உண்டு. டிசம்பர் 31 உடன் பத்திரம் முடிந்துவிடும்.

என்னைக் கேட்டால், அப்பாவின் துவக்குக் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். துரு அரித்த பள்ளம் இல்லையென்றால் பெயர் மாற்றுவதே இலாபம். பள்ளம் தெரிந்தால் கடைக்குப் போங்கள்.